கிளவுட் சர்வரில் லைசென்ஸ் உள்ள லைப்ரரியை நிறுவுவது: டாம்கேட் வழிகாட்டி

ஜாவா லைப்ரரி அடங்கிய ஜார் கோப்பை ஒரு கோப்புறையில் போட்டு, ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது ஐந்து நிமிட வேலை. காசு கொடுத்து வாங்கிய லைப்ரரி தகராறு செய்வது பெரும்பாலும் அதற்குப் பிறகு. லைசென்ஸை எந்த மெஷினின் பெயரில் வாங்கினீர்களோ அந்த மெஷின் கிளவுட்டில் என்றைக்கு வேண்டுமானாலும் அழிக்கப்பட்டு, வேறொன்று அதன் இடத்துக்கு வரும். அதனால் நிறுவும்போதே லைசென்ஸை மெஷினிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அமேசான் வாடகைக்குத் தரும் ஈசி2 மெஷினில், உபுன்டு 24.04 மீது, உபுன்டுவின் சொந்த டாம்கேட் 10 பேக்கேஜை வைத்து எழுதியது. மற்ற கிளவுட்களில் பெயர்கள் மாறும், வேலை மாறாது.

ஒப்பந்தத்தில் எதைத் தேடுவது

விற்பனையாளரின் ஒப்பந்தத்தை முழுதும் படிக்க யாருக்கும் நேரமில்லை. நான்கு விஷயங்களை மட்டுமாவது தேடிப் பாருங்கள். லைசென்ஸ் எதைக் கணக்கிடுகிறது: டெவலப்பரையா, சர்வரையா, பிராசசர் கோரையா, ஒரே நேரத்தில் பயன்படுத்துவோரையா? வெர்ச்சுவல் மெஷினிலும் கன்டெய்னரிலும் ஓட்ட அனுமதி உண்டா? சோதனை, ஸ்டேஜிங் சர்வர்களுக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா? ஜார் கோப்பை மாற்றியமைக்கத் தடை இருக்கிறதா? கடைசிக் கேள்வி இப்போது தேவையில்லாததுபோல் தோன்றும். டாம்கேட் 10-க்கு வரும்போது அதுவே முதல் கேள்வியாகிவிடும்.

கோர் கணக்கில் வாங்கினால் கவனம். ஈசி2-வின் எக்ஸ்86 மெஷின்களில் ஒரு விசிபியூ (கிளவுட் கணக்கிடும் பிராசசர் அலகு) பெரும்பாலும் ஒரு ஹைப்பர்த்ரெட்தான், அதாவது அரை கோர். அமேசானின் ஏஆர்எம் வகை கிராவிட்டான் மெஷின்களில் ஒரு விசிபியூவே ஒரு முழு கோர். ஒரே 8 விசிபியூ என்றாலும் பில் இரட்டிப்பாகலாம். மெஷினைத் தொடங்கும்போதே கோர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. நினைவகம் அதிகம் வேண்டும், லைசென்ஸ் குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு அது கைகொடுக்கும்.

திறந்த மூல லைப்ரரிகளும் லைசென்ஸ் உள்ளவைதான். ஜாவா உலகில் பலரும் மாட்டிக்கொள்வது ஐடெக்ஸ்ட் என்ற பிடிஎஃப் லைப்ரரி விஷயத்தில். 5-ஆம் பதிப்பிலிருந்து அது ஏஜிபிஎல் லைசென்ஸுக்கு மாறிவிட்டது. ஜிபிஎல் என்பது விநியோகிக்கும்போது மூலநிரலைத் தரச் சொல்லும் லைசென்ஸ். சாதாரண ஜிபிஎல் லைப்ரரியை உங்கள் சர்வரில் ஓட்டுவது விநியோகம் ஆகாது. ஏஜிபிஎல் அந்த ஓட்டையையும் அடைக்கிறது: மாற்றியமைத்த நிரலை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துவோருக்கும் மூலநிரலைத் தர வேண்டும். லைப்ரரிகளை இழுத்து வந்து பில்ட் செய்யும் மேவன் கருவியில் ஒரு வரி சேர்த்ததும் வந்துவிட்டதே என்று அதை வணிக அப்ளிகேஷனில் வைத்து ஓட்டினால் பின்னால் வக்கீல் நோட்டீஸ் வரலாம். வணிக லைசென்ஸ் வாங்குங்கள், அல்லது வேறு லைப்ரரி பாருங்கள்.

கோப்பு எங்கே குடியிருக்க வேண்டும்

ஆரக்கிள் டேட்டாபேஸோடு ஜாவாவை இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் 2019 முதல் பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலிலேயே கிடைக்கிறது. பெரும்பாலான வணிக லைப்ரரிகள் அப்படி இல்லை. விற்பனையாளரின் தளத்தில் லாகின் செய்து ஜிப் கோப்பாக எடுக்க வேண்டும். எடுத்ததும் அவர்கள் வெளியிட்டுள்ள எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடுங்கள், ஜார்சைனர் கருவியில் கையொப்பத்தைச் சரிபாருங்கள். பிறகு அதை நெக்சஸ் போன்ற உங்கள் தனிப்பட்ட ரெபாசிட்டரியில், மேவனின் டிப்ளாய்-ஃபைல் கட்டளை வழியாக, சரியான பதிப்பெண்ணோடு ஏற்றுங்கள். பாம் கோப்பில் (மேவனின் திட்டக் கோப்பு) சிஸ்டம் ஸ்கோப் கொடுத்து ஒருவருடைய லேப்டாப் பாதையைச் சுட்டும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவர் விடுப்பில் போகிற நாளில் பில்ட் உடையும்.

கையொப்பமிட்ட ஜாரைப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே பெரிய ஜாராகக் கட்டாதீர்கள். பவுன்சி காசில் போன்ற குறியாக்க லைப்ரரிகளில் இதன் விளைவு உடனே தெரியும்: மேனிஃபெஸ்ட்டின் கையொப்பம் பொருந்தவில்லை என்று செக்யூரிட்டி எக்செப்ஷன் வரும். கையொப்பக் கோப்புகளை நீக்கிவிட்டால் அந்தப் பிழை போகும். ஆனால் ஆரக்கிள் ஜேடிகே, குறியாக்க புரொவைடரை அடையாளம் காண முடியவில்லை என்று அடுத்த பிழையைத் தரும். லைசென்ஸ் சரிபார்க்கும் வணிக ஜார்களும் பல நேரம் தம் கையொப்பத்தைத் தாமே சோதிக்கும். முழு ஜாராகவே விட்டுவிடுங்கள்.

எந்த லிப் கோப்புறை

டாம்கேட்டில் இரண்டு இடங்கள் உண்டு. அப்ளிகேஷனுக்குள் இருக்கும் வெப்-இன்ஃப் லிப் ஒன்று. எல்லா அப்ளிகேஷன்களுக்கும் பொதுவான லிப் மற்றொன்று. ஒரு கிளாஸைத் தேடும்போது அப்ளிகேஷன் முதலில் தன் வெப்-இன்ஃப்பைத்தான் பார்க்கும், அங்கே இல்லாவிட்டால்தான் பொது லிப்புக்குப் போகும். வழக்கமான ஜாவா வரிசைக்கு இது நேர் எதிர். இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பிடிஎஃப், எக்செல், வரைபட லைப்ரரிகள் வெப்-இன்ஃப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு அப்ளிகேஷனும் தனக்கான பதிப்பை வைத்துக்கொள்ளலாம். பொது லிப்புக்குப் போக வேண்டியவை இரண்டு வகை: கனெக்‌ஷன் பூலை (திறந்தே வைத்த டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) டாம்கேட்டே நடத்தும்போது அதற்கான ஜேடிபிசி டிரைவர், சி மொழியில் எழுதிய நேட்டிவ் கோப்பை ஏற்றும் ஜார்.

டிரைவரை இரண்டு இடத்திலும் போட்டால் வரும் பிழையைப் பார்த்துப் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஆரக்கிள் கனெக்‌ஷனை ஆரக்கிள் கனெக்‌ஷனாக மாற்ற முடியாது என்று கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன் சொல்லும். இரு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பூல் தந்த கனெக்‌ஷன் பொது லிப்பின் கிளாஸ். உங்கள் நிரல் எதிர்பார்ப்பது வெப்-இன்ஃப்பின் கிளாஸ். ஏற்றிய லோடர் வேறு என்றால் ஜாவாவுக்கு அவை இரண்டு வெவ்வேறு கிளாஸ்கள். வெப்-இன்ஃப்பில் உள்ளதை நீக்குங்கள், மேவனில் ஸ்கோப்பை புரொவைடட் என்று மாற்றுங்கள்.

நேட்டிவ் ஜார் வெப்-இன்ஃப்பில் இருந்தால் முதல் முறை ஓடும். அப்ளிகேஷனை மட்டும் ரீடிப்ளாய் செய்ததும், அந்த லைப்ரரி ஏற்கனவே வேறொரு கிளாஸ்லோடரில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர் வரும். ஒரு நேட்டிவ் கோப்பை ஒரே ஜேவிஎம்மில் (ஓடும் ஜாவா புராசஸில்) இரண்டு லோடர்கள் ஏற்ற முடியாது. பொது லிப்புக்கு மாற்றுவதே தீர்வு.

உபுன்டு பேக்கேஜில் பொது லிப் என்பதும் இரண்டு: /யூஎஸ்ஆர்/ஷேர்/டாம்கேட்10 கீழ் ஒன்று, /வார்/லிப்/டாம்கேட்10 கீழ் ஒன்று. முதலாவது பேக்கேஜுக்குச் சொந்தம், அதைத் தொட வேண்டாம். உங்கள் ஜார்கள் இரண்டாவதில் இருக்கட்டும்.

டாம்கேட் 10 என்னும் மேடு

டாம்கேட் 10-இல் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய சர்வ்லெட் பேக்கேஜ்கள் எல்லாம் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. பழைய லைப்ரரி சர்வ்லெட் கிளாஸ்களைத் தொட்டால், ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழும். அப்பாச்சி தரும் மைக்ரேஷன் கருவி பைட்கோடையே மாற்றித் தரும். ஜார் கையொப்பமிட்டதாக இருந்தால் கையொப்பம் போய்விடும். மாற்றியமைக்கத் தடை உள்ள லைசென்ஸ் என்றால் அந்தக் கருவியை அதன்மேல் ஓட்டுவதே மீறல். விற்பனையாளரிடம் ஜகார்த்தா பதிப்பைக் கேளுங்கள். இல்லை என்றால் அந்த ஓர் அப்ளிகேஷனை மட்டும் டாம்கேட் 9-இல் தனியாக ஓட்டுவது நல்லது. அழகாக இராது, ஆனால் ஒப்பந்தத்துக்குள் நிற்கும்.

ஜாவா பதிப்பு பொருந்தாவிட்டால் அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர் ஓர் எண்ணோடு வரும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. ஜார் கேட்கும் எண் உங்கள் ஜாவாவின் எண்ணைவிடப் பெரிதாக இருக்கிறது என்று பொருள்.

நிறுவும் வரிசை

1. ரெபாசிட்டரியிலிருந்து ஜாரை எடுத்து லிப் கோப்புறையில் வையுங்கள். உரிமையாளர் ரூட், அனுமதி 0644. டாம்கேட் பயனருக்கு எழுதும் உரிமை வேண்டாம்.
2. அதே லைப்ரரியின் பழைய பதிப்பை அங்கிருந்து அகற்றுங்கள். பெயர் மாற்றி விடும்போது கடைசியில் ஜார் என்று முடிந்தால் அதுவும் ஏறும். இரண்டு பதிப்புகள் ஏறினால் நோ சச் மெத்தட் எரர் வரும், அதுவும் எப்போதாவதுதான் வரும்.
3. லைசென்ஸ் கோப்பை /ஈடிசி கீழ் தனிக் கோப்புறையில் வையுங்கள். உரிமையாளர் ரூட், குழு டாம்கேட், அனுமதி 0640. ஹோம் கோப்புறையில் வைக்காதீர்கள். உபுன்டு 21.04 முதல் ஹோம் கோப்புறைகளின் அனுமதி 750, டாம்கேட் பயனர் உள்ளே நுழையவே முடியாது.
4. லைசென்ஸ் பாதையைச் சுட்டும் என்விரான்மென்ட் மாறிகளை /ஈடிசி/டிஃபால்ட்/டாம்கேட்10 கோப்பில் எழுதுங்கள். பாஷ்ஆர்சியில் எழுதினால் சர்வீஸுக்கு எட்டாது. கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, சர்வீஸாக ஓட்டினால் லைசென்ஸ் இல்லை என்கிறது என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.
5. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து ஜர்னல்சிடிஎல்லில் லாக்கைப் பாருங்கள். எந்த ஜார் உண்மையில் ஏறியது என்று சந்தேகம் வந்தால், டாம்கேட்டின் புராசஸ் எண்ணைக் கொடுத்து எல்எஸ்ஓஎஃப் ஓட்டுங்கள். திறந்திருக்கும் ஜார்களின் முழுப் பாதையும் தெரியும்.

இதில் சொல்லாமல் விட்டால் அடிபடும் விஷயம் ஒன்று உண்டு. உபுன்டுவின் டாம்கேட் சர்வீஸ், சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் புரொடெக்ட் சிஸ்டம் ஸ்ட்ரிக்ட் என்ற பூட்டோடு வருகிறது. வெப்ஆப்ஸ், லாக் போன்ற சில இடங்கள் தவிர மொத்த டிஸ்க்கும் அதற்குப் படிக்க மட்டும்தான். ஆக்டிவேஷன் விவரத்தை டிஸ்க்கில் எழுதும் லைப்ரரி, அனுமதி 0777 இருந்தாலும், ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம் என்று விழும். சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளையில் சர்வீஸ் பகுதியின் கீழ் ரீட்ரைட்பாத்ஸ் என்ற வரியில் அந்தக் கோப்புறையை மட்டும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பூட்டையே கழற்றிப் போட வேண்டாம். டெம்ப் கோப்புறையும் இந்தச் சர்வீஸுக்குத் தனி, சர்வீஸ் நின்றதும் அழிந்துவிடும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் லைப்ரரி மறுபடி ஆக்டிவேஷன் கேட்டால் அது டெம்ப்பில் எழுதுகிறதா என்று பாருங்கள்.

கோப்பாக வரும் லைசென்ஸ்

ஆஸ்போஸ் போன்ற ஆவண லைப்ரரிகள் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல் கோப்பாக லைசென்ஸ் தருகின்றன. அதை எடிட்டரில் திறந்து ஒரு வெற்று வரி சேர்ந்தாலே கையொப்பம் செல்லாது. நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட், வரி முடிவுகளைத் தானாக மாற்றும் அமைப்பில் இருந்தாலும் அதே கதைதான். ஆனால் அந்தக் கோப்பு கிட்டுக்குள்ளேயே போகக் கூடாது. டாக்கர் இமேஜுக்குள்ளும் கூடாது. இமேஜின் ஓர் அடுக்கில் சேர்த்துவிட்டு அடுத்த அடுக்கில் அழித்தால் கோப்பு முதல் அடுக்கில் அப்படியே இருக்கும், இமேஜ் கையில் உள்ள எவரும் எடுத்துவிடலாம்.

அமேசானின் சீக்ரெட்ஸ் மேனேஜரில் வையுங்கள், மெஷின் தொடங்கும்போது ஐஏஎம் ரோல் (மெஷினுக்குத் தரும் அணுகல் உரிமை) மூலம் எடுத்து எழுதட்டும். அங்கே ஒரு சீக்ரெட் 64 கிலோபைட் வரை இருக்கலாம். அமேசானின் இன்னொரு சேமிப்பான பாராமீட்டர் ஸ்டோரில் சாதாரண வகைக்கு 4, மேம்பட்ட வகைக்கு 8 கிலோபைட்தான்; எக்ஸ்எம்எல் லைசென்ஸ்கள் சில நேரம் அதில் அடங்காது.

லைசென்ஸை ஏற்றும் நிரல் வரி, அப்ளிகேஷன் தொடங்கும்போது ஒரே ஒரு முறை, சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிசனரில் ஓட வேண்டும். முதல் ஆவணம் உருவான பிறகு ஓடினால் அந்த ஆவணத்தில் எவாலுவேஷன் வாட்டர்மார்க் விழும். பிழை எதுவும் வராது, வாடிக்கையாளர்தான் கண்டுபிடிப்பார். லைசென்ஸ் ஏறாவிட்டால் அப்ளிகேஷன் தொடங்கவே கூடாது என்று எழுதுவதே பாதுகாப்பு.

இவ்வகை லைசென்ஸில் உள்ள சந்தா தேதி, பயன்பாட்டுக்கான கெடு அல்ல. அந்தத் தேதிக்கு முன் வெளியான பதிப்புகளை எப்போதும் ஓட்டலாம். பின் வெளியானது ஓடாது. தானாகப் பதிப்பை ஏற்றும் கருவி ஒன்று இரவில் புதிய ஜாரை இழுத்து வந்தால் காலையில் எல்லாம் நின்றிருக்கும். அந்த லைப்ரரியின் பதிப்பெண்ணைப் பூட்டி வையுங்கள்.

லைசென்ஸ் சர்வர் கேட்பவை

பொறியியல் கணக்கீடு, சிமுலேஷன் லைப்ரரிகள் பல ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் சர்வரிடம் சீட் (ஒரு பயன்பாட்டுக்கான அனுமதி) கேட்டு ஓடுபவை. அந்தச் சர்வரின் லைசென்ஸ் ஒரு மேக் முகவரியோடு (நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் அடையாள எண்) கட்டப்பட்டிருக்கும். ஈசி2 மெஷினை நிறுத்தித் தொடங்கினால் மேக் மாறாது. அழித்துப் புதிதாக உருவாக்கினால் மாறும், லைசென்ஸும் போய்விடும்.

வழி இதுதான்: தனியாக ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸை உருவாக்கி, அதை மெஷினில் இரண்டாவதாக இணையுங்கள். அதன் மேக் முகவரியை விற்பனையாளரிடம் கொடுத்து லைசென்ஸ் வாங்குங்கள். மேக் அந்த இன்டர்ஃபேஸோடு வாழ்நாள் முழுதும் ஒட்டியிருக்கும். மெஷின் போனால் இன்டர்ஃபேஸைக் கழற்றிப் புதிய மெஷினில் மாட்டலாம், பிரைவேட் ஐபியும் கூடவே வரும். முதல் இன்டர்ஃபேஸை இப்படிக் கழற்ற முடியாது. இணைத்தபின், மெஷின் அழியும்போது இதுவும் அழியும் என்ற அமைப்பு ஆஃப் ஆக இருக்கிறதா பாருங்கள். இன்டர்ஃபேஸ் ஒரே அவைலபிலிட்டி சோனுக்கு உரியது, வேறு சோனில் உள்ள மெஷினில் மாட்டாது.

ஃப்ளெக்ஸ்நெட் சர்வரின் முதன்மை நிரலான எல்எம்ஜிஆர்டியை ரூட்டாக ஓட்டாதீர்கள், தனிப் பயனர் போதும். உபுன்டுவில் அதை ஓட்டினால், கோப்பு கண்முன் இருக்கும்போதே அப்படி ஒரு கோப்பு இல்லை என்று ஷெல் சொல்லலாம். இல்லாதது அந்தக் கோப்பு அல்ல. அது தேடும் எல்எஸ்பி லோடர் (நிரலை ஏற்றித் தொடங்கும் கோப்பு). எல்எஸ்பி-கோர் பேக்கேஜ் கிடைத்தால் அதை நிறுவுங்கள், கிடைக்காவிட்டால் 64 பிட் லினக்ஸ் லோடருக்கு அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் போட்டால் ஓடும். ஹோஸ்ட் ஐடி கேட்கும்போது வெற்றாகவோ பூஜ்யங்களாகவோ வந்தால் கருவி பழையது. ஈத்0 என்ற பெயரை மட்டுமே தேடுகிறது, இன்றைய மெஷின்களில் பெயர் ஈஎன்எஸ்5 என்பதுபோல் இருக்கும். புதிய எல்எம்ஜிஆர்டி வாங்குங்கள். அதன் பதிப்பு, விற்பனையாளர் தரும் துணை நிரலான வென்டர் டீமனின் பதிப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

போர்ட் விஷயத்தில் எல்லோரும் பாதியைத்தான் திறப்பார்கள். எல்எம்ஜிஆர்டி வழக்கமாக 27000-இல் கேட்கும். ஆனால் சீட் தருவது வென்டர் டீமன். அது ஒவ்வொரு முறையும் தன் இஷ்டத்துக்கு ஒரு போர்ட்டை எடுக்கும். டெல்நெட்டில் 27000 திறக்கிறது, அப்ளிகேஷனுக்கோ சீட் கிடைக்கவில்லை என்றால் இதுதான் காரணம். லைசென்ஸ் கோப்பின் வென்டர் வரியில் போர்ட் 27001 என்று எழுதி நிலைப்படுத்துங்கள். ஹோஸ்ட் பெயர், போர்ட், டீமன் பாதை ஆகியவற்றை நாமே திருத்தலாம், கையொப்பம் கெடாது. ஹோஸ்ட் ஐடியைத் தொட்டால் கெடும். பிறகு செக்யூரிட்டி குரூப்பில் இரண்டு போர்ட்டையும், அப்ளிகேஷன் சர்வர்களின் குரூப்புக்கு மட்டும் திறங்கள். இணையத்துக்கு ஒருபோதும் வேண்டாம். சப்நெட் அளவிலான வடிகட்டியான நெட்வொர்க் ஏசிஎல்லும் போட்டிருந்தால் திரும்பி வரும் போக்குவரத்துக்கு 1024 முதல் 65535 வரை தனியாகத் திறக்க வேண்டும், ஏசிஎல்லுக்குப் போன பாக்கெட் நினைவிருக்காது.

மெஷின்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் இருந்தால் சீட் கசியும். மெஷின் திடீரென மறைந்தால் சீட் உடனே திரும்பாது. லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் இயல்பாக 7200 வினாடிக்குப் பிறகுதான் விசாரிக்கவே தொடங்கும். சீட்டைத் திருப்பும் வரியை அப்ளிகேஷன் நிற்கும்போது ஓடும், லிசனரின் அழிப்புக் கட்டத்தில் எழுதுங்கள். ஸ்கேலிங் குரூப்பில் லைஃப்சைக்கிள் ஹுக் வைத்து டாம்கேட் முறையாக நிற்க நேரம் கொடுங்கள். இருக்கும் சீட்டுக்கு மேல் குரூப்பின் உச்ச எண்ணிக்கையை உயர்த்துவதில் பயனில்லை.

இணையத்தில் ஆக்டிவேட் ஆகும் லைப்ரரி என்றால் பிரைவேட் சப்நெட்டிலிருந்து நாட் கேட்வே வழியாக 443 வெளியே போக வேண்டும். மெஷினின் நேரமும் சரியாக இருக்க வேண்டும், 169.254.169.123 என்ற அமேசானின் நேர முகவரியை, நேரத்தை ஒத்திசைக்கும் குரோனியில் கொடுத்தால் போதும்.

நேட்டிவ் கோப்பும் எழுத்துருவும்

நேட்டிவ் எஸ்ஓ கோப்பை எக்ஸ்86-க்கு வாங்கிவிட்டு விலை குறைவென்று கிராவிட்டானுக்கு மாறினால் ஓடாது. ஆல்பைன் லினக்ஸ் இமேஜிலும் ஓடாமல் போகலாம். அங்கே ஜிலிப்சி என்ற சி லைப்ரரிக்குப் பதில் மஸ்ல் இருக்கிறது. எல்டிடி கட்டளையில் நாட் ஃபவுண்ட் என்று வரும் ஒவ்வொரு பெயரும் இல்லாத ஒரு லைப்ரரி, அதைத் தரும் பேக்கேஜை நிறுவுங்கள்.

தமிழ் பிடிஎஃப் உருவாக்குபவர்களுக்கு இன்னொரு லைசென்ஸும் காத்திருக்கிறது. விண்டோஸில் உள்ள லதா எழுத்துருவை லினக்ஸ் சர்வருக்குக் காப்பி செய்யாதீர்கள், அது விண்டோஸோடு வரும் உரிமை. நோட்டோ சான்ஸ் தமிழ் ஓஎஃப்எல் உரிமையில் இலவசம், அதையே நிறுவுங்கள். ஃபான்ட்கான்ஃபிக், ஃப்ரீடைப் பேக்கேஜ்களும் வேண்டும், இல்லாவிட்டால் ஜாவா எழுத்துரு அமைப்பைத் தேடும்போதே விழும். எழுத்துரு இருந்தும் "கொ" என்பது ககரத்துக்குப் பின் கொம்பும் காலுமாகச் சிதறினால் பிடிஎஃப் லைப்ரரிக்கு எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியவில்லை. ஐடெக்ஸ்டில் இதைச் செய்வது பிடிஎஃப்கேலிகிராஃப் என்ற தனி ஆட்-ஆன். அதற்குத் தனி லைசென்ஸ் சாவி வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்லாம் ஓடியதும் ஸ்டேஜிங்கில் அந்த மெஷினை அழித்து, தானியங்கி ஸ்கிரிப்டால் புதிதாக எழுப்புங்கள். யாரும் எஸ்எஸ்எச்சில் நுழையாமல் லைசென்ஸ் ஏறி, வாட்டர்மார்க் இல்லாத ஓர் ஆவணம் வெளிவந்து, சீட் நிலையைக் காட்டும் எல்எம்ஸ்டாட்டில் பழைய சீட் விடுபட்டிருந்தால் புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோகலாம்.